பானையின் அளவும் வடிக்கிற கையும்

இலங்கையின் கிழக்கே, எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்குத்தான். மருமகன் வந்து குடியேறுவார். தாயும் தகப்பனும் அதே வளவுக்குள் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். கல்லாற்றில் நாங்களும் இந்த ஆண்டு அப்படித்தான் ஒதுங்குகிறோம். பெரிய வீட்டுக் குசினியில் இருந்த சட்டி, பானை, பொரிக்கிற தாச்சி, விருந்துக்கு ஆக்குகிற பெரிய கிடாரம் எல்லாம் வீட்டோடு சேர்ந்து மகளுக்கு. எனக்கும் என் கணவருக்கும் புதிதாக வாங்க வேண்டும்.

“இரண்டு பேருக்குத்தானே அம்மா, ஆகச் சின்னதாகப் பார்த்து ஒன்று வாங்குங்கள்” என்றாள் மகள். மச்சாள் அதற்கு நேரெதிர். “பெரிதாகவே வாங்குங்கள் மச்சாள். பெரிய பானையில் கொஞ்சமும் சமைக்கலாம், சின்னப் பானையில் நிறையச் சமைக்க முடியுமா?” இரண்டும் ஊரில் எல்லோரும் சொல்கிற கதைதான். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள் நான். அளவு என்று வந்துவிட்டால் அதை ஊகத்தில் விட மனம் வராது.

முதலில் எண்ணைப் பார்ப்போம். கடையில் இருக்கும் அலுமினியப் பானைகள் பெரும்பாலானவற்றில் 20, 22, 24 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அது வாயின் விட்டம், சென்ரிமீற்றரில். இருபதுக்கும் இருபத்துநான்குக்கும் நாலு சென்ரிமீற்றர்தானே வித்தியாசம் என்று கண்ணுக்குத் தோன்றும். ஆனால் விட்டம் 20, உயரம் 10 உள்ள பானையில் ஏறக்குறைய 3.1 லீற்றர் பிடிக்கும். விட்டம் 24, உயரம் 12 என்றால் 5.4 லீற்றர். ஒன்றரை மடங்கையும் தாண்டிவிட்டது. உருளையின் கனவளவு என்று பிள்ளைகள் படிப்பது இதைத்தான்: விட்டத்தில் பாதியை அதனாலேயே பெருக்கி, உயரத்தாலும் 22/7 ஆலும் பெருக்கி, ஆயிரத்தால் பிரித்தால் லீற்றர். வயிறு உருண்டு வாய் சிறுத்த பானைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதற்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதும். நிரப்பி நிரப்பி ஊற்றி எண்ணினால் முடிந்தது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பானைகளை ஒருநாள் இப்படி அளந்து பாருங்கள். எந்தப் பானை உங்களுக்கு எத்தனை லீற்றர் பழக்கம் என்று தெரிந்தால்தான் கடையில் நிற்கும்போது கண் ஏமாற்றாது.

அடுத்தது, பானைக்குள் என்ன நடக்கப்போகிறது என்பது. “நான்கு பேருக்கு இத்தனை லீற்றர்” என்று எழுதி வைத்திருக்கும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான். எங்கள் வீட்டில் சோறு வடித்துத்தான். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை வயலில் விளைந்த சிவப்பரிசியை உலை கொதிக்கப் போட்டு, கஞ்சி வடித்து, மூடித் தம்மில் விட்டு இறக்கினால்தான் அவருக்குச் சாப்பாடு. அரிசி அளக்கிற எங்கள் சுண்டு ஒரு பழைய பால்பேணி. தலைதட்டி அளந்தால் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அரிசி பிடிக்கும். மதியத்துக்கும் இரவுக்குமாக இரண்டு பேருக்கு ஒன்றரைச் சுண்டு போதும். அது அரை லீற்றரைக் கூடத் தொடாது. ஆனால் வடிக்கிற சோற்றுக்கு அரிசியைப் போல ஐந்து மடங்கு தண்ணீர் வேண்டும், இரண்டு லீற்றர். பானையில் கால்வாசியாவது வெறுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். கூட்டிப் பார்த்தால் மூன்று லீற்றருக்கு மேல் வருகிறது. அதே அரிசியை வடிக்காமல் தண்ணீரை வற்ற வைத்து ஆக்குகிறவர்களுக்கு இரண்டு லீற்றர்ப் பானையே தாராளம். ஆட்கள் அதே இரண்டு பேர், அரிசி அதே அரிசி, பானை மட்டும் வேறு. மகள் சொன்ன ‘ஆகச் சின்னது’ என்னிடம் வந்திருந்தால் ஒவ்வொரு நாளும் அடுப்பெல்லாம் கஞ்சிதான்.

ரைஸ் குக்கர் வாங்குகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. பெட்டியில் 1.8 லீற்றர் என்று போட்டிருந்தால் அது பானைக்குள் அடங்கும் மொத்த அளவு அல்ல. சமைக்காத அரிசியின் அளவு. கூடவே தருகிற சின்னக் கோப்பை 180 மில்லிலீற்றர், அதில் பத்துக் கோப்பை அரிசி. இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அது மிகவும் பெரிது. அடியில் மெல்லிய படையாகப் பரவிக் கிடக்கும் கொஞ்ச அரிசி சீராக அவியாது, ஓரம் காய்ந்து போகும்.

இப்போது மச்சாள் சொன்னதற்கு வருகிறேன். பெரிய பானையில் கொஞ்சமும் சமைக்கலாம் என்பது எங்கள் தாய்மாரின் காலத்துப் பேச்சு. அந்தக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. எங்கள் அப்பாவின் வயல் மண்டூர்ப் பக்கம். குருமண்வெளித் துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து போக வேண்டும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வட்டையில், அதாவது வயல்வெளியில், வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சோறும் கறியும் வீட்டிலிருந்தோ வயல் வாடியிலிருந்தோ போகும். இன்றைக்கு எட்டுப் பேர், நாளைக்கு இருபது பேர் என்று தெரியாத வீட்டில் பெரிய பானை இல்லாமல் முடியுமா? இப்போது வெட்டுகிறது இயந்திரம். ஒரு பொழுதில் வட்டை காலியாகிவிடுகிறது. அத்தனை பேருக்கு உலை வைக்கிற தேவை போய்விட்டது, பானை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. இதைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். அந்தப் பெரிய பானைகள் நிலத்து அடுப்புக்காகச் செய்தவை. மூன்று கல் அடுப்பிலோ மண் அடுப்பிலோ பானை முழங்காலுக்குக் கீழே இருக்கும். அம்மா குந்தியிருந்து, மூடியைத் துணியோடு அழுத்திப் பிடித்து, பக்கத்தில் தரையிலிருக்கும் கஞ்சிச் சட்டியின் மேல் பானையைச் சரித்து வைப்பார். தூக்குகிற வேலை ஒரு சாண் உயரம்தான். மிச்சத்தைப் பானை தன் பாரத்திலேயே பார்த்துக்கொள்ளும். இன்றைக்குக் காஸ் அடுப்பு மேசையில் இருக்கிறது. பானை இடுப்புக்கு மேலே. கொதிக்கிற பானையை நெஞ்சளவுக்குத் தூக்கித் திரும்பி, கழுவுகிற தொட்டி வரை கொண்டுபோய், அங்கே சரிக்க வேண்டும். நான்கு சுண்டு அரிசி போட்ட 28 சென்ரிமீற்றர்ப் பானை வடிக்கிற நேரத்தில் ஆறு கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த ஆறு கிலோவும் கொதிநிலையில். மணிக்கட்டு ஒருமுறை நடுங்கினால் போதும்.

எங்கள் அம்மாவின் இடது கையில் கஞ்சி சுட்ட தழும்பு கடைசிவரை இருந்தது. ஊரில் எத்தனை பெண்களின் கையில் அந்தத் தழும்பு இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ஆகவே பானை வாங்குமுன் நான் கேட்கச் சொல்லும் கேள்வி, அந்த வீட்டில் யார் வடிக்கிறார் என்பதுதான். அறுபது வயது தாண்டியவரா, பிள்ளைத்தாய்ச்சியா, கைமூட்டு வலி உள்ளவரா? அவர் இரண்டு கையாலும் பயமில்லாமல் தூக்கிச் சரிக்கக்கூடிய பாரம்தான் அந்த வீட்டுப் பானையின் உச்ச அளவு. அதற்கு மேல் எத்தனை பேர் சாப்பிட்டாலும் சரி, இரண்டாவது பானை வையுங்கள். கணக்கும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. விட்டம் 28, உயரம் 13 உள்ள ஒரு பானையில் எட்டு லீற்றர். விட்டம் 22, உயரம் 11 உள்ள இரண்டு பானைகளில் எட்டு லீற்றரைச் சற்றுத் தாண்டியே வரும். இரண்டு அடுப்பிலும் ஏற்றினால் விரைவாகவும் கொதிக்கும், ஒவ்வொன்றாக வடிக்கவும் சுலபம். மகளுடைய வீட்டுக்கு நான் சொன்னது இதுதான்.

சுட்டுவிட்டால் பற்பசை, நல்லெண்ணெய் என்று தடவாதீர்கள். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பெரிய காயமென்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சோற்றுப் பானைக்கு உயரம் வேண்டும் என்றால் மீன் சட்டிக்கு அகலம் வேண்டும். இது தெரியாமல் ஒரே வடிவத்தில் பெரிதும் சின்னதுமாக வாங்கி அடுக்குவதில் பயனில்லை. பாரைத் துண்டுகளைப் புளிக்குழம்பில் போட்ட பிறகு நாங்கள் அகப்பை போடுவதில்லை. சட்டியின் விளிம்பை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி ஆட்டுவோம். குழம்பு ஓர் அலையாக எழுந்து துண்டுகளின் மேல் படிந்து இறங்கும், மீன் உடையாது. இந்த ஆட்டம் நடக்க வேண்டுமென்றால் துண்டுகள் ஒரே படையாக, மிஞ்சினால் இரண்டு படையாகக் கிடக்க வேண்டும். சட்டியில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்க வேண்டும். குறுகிய சட்டியில் அடுக்கினால் அடித்துண்டு கரைந்து மேல்துண்டு வேகாமல் நிற்கும். அதற்காக மிக அகலமாகவும் கூடாது. தண்ணீர் விரைவில் ஆவியாகி, தூள் அடியில் பிடித்துக் கசந்துவிடும். தாளிக்கும்போதும் பாருங்கள், அகலச் சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் எங்கோ ஓடிப் பரவிவிடும், வெங்காயம் பொரியாமல் கருகும். பிறகு இன்னொரு கரண்டி எண்ணெய்.

இரண்டு பேருக்கான மீன் குழம்புக்கு வாய் 18 சென்ரிமீற்றர் உள்ள மண்சட்டி நல்ல அளவு. மண்சட்டியே வேண்டும் என்று நான் நிற்பதற்குச் சுவை மட்டும் காரணமல்ல. புளியும் உப்பும் அலுமினியத்தில் நெடுநேரம் நின்றால் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறியில் கரையும். மத்தியானம் வைத்த புளிக்குழம்பு இரவு வரை சட்டியிலேயே இருக்கிற வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். வாங்கும்போது விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த சட்டி கணீரென்று சொல்லும், வெடிப்பிருந்தால் சத்தம் அடங்கிப் போகும். அடியைத் தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். காஸ் அடுப்புக்கென்றால் உருண்ட அடி தாங்கியில் நிற்காமல் வழுக்கும், ஆகவே கொஞ்சம் தட்டையான அடியாகத் தேர்ந்தெடுங்கள். கொண்டுவந்து ஒருநாள் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு கஞ்சித்தண்ணீரை மெல்லிய நெருப்பில் கொதிக்க வைத்துப் பழக்கினால்தான் சட்டி நிலைக்கும்.

தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக்கும் பருப்புக்கும் மறுபடி உயரம். முதற்பால் விட்டதும் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், கடுங்கொதி வந்தால் பால் திரைந்துவிடும். விளிம்பு வரை நிறைந்த சட்டியில் எப்படித் துழாவுவது? பருப்பும் நுரைத்து எழும். இவை இரண்டுக்கும் பாதிப் பானைக்கு மேல் நிரப்புவதில்லை என்று வைத்துக்கொண்டு அளவைத் தேர்ந்தெடுத்தால் பிழைக்காது. பிரெஷர் குக்கருக்கும் அதே விதிதான்: மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு, பருப்பு, கடலை, அரிசிக்குப் பாதி. அதற்கு மேல் போனால் நுரை ஆவித் துவாரத்தை அடைக்கும், அது விளையாட்டல்ல. தைப்பொங்கல் பானை மட்டும்தான் விலக்கு. அது பொங்கி வழிய வேண்டும், ஆகவே அதைச் சற்றுச் சின்னதாகவே எடுக்க வேண்டும்.

பிட்டு அவிக்கிற பானையில் ஆட்கணக்குக்கு வேலையே இல்லை. பிட்டு மாவை வைத்து அவிக்கும் ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டி அதன் வாயில் இறுக உட்கார வேண்டும். வாய் பெரிதாக இருந்தால் ஆவி பக்கத்தால் போய்விடும். மா பச்சையாகவே கிடக்கும். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் வழி. தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் பெட்டியைத் தொட்டால் பிட்டு நனைந்து குழையும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோர ஊர்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தபோது நிவாரணப் பொதிகள் பகிர்ந்த ஆட்களில் நானும் ஒருத்தி. எங்கள் கைக்கு வந்த பானைகள் எல்லாம் ஒரே அளவு, பலவற்றுக்கு மூடி கிடையாது. தனியாக எஞ்சிய ஒரு கிழவிக்கும் அதே பானை, ஒன்பது பேரோடு இருந்த தாய்க்கும் அதே பானை. பகிர்ந்தவர்கள் நல்ல மனத்தோடுதான் செய்தார்கள், ஆனாலும் அந்தக் கிழவி அந்தப் பானையை அடுப்பில் ஏற்றி நான் பார்க்கவேயில்லை. பக்கத்துக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டார். அனர்த்த காலத் தராதரங்களைச் சொல்கிற ஸ்பியர் கையேட்டின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் நான்கைந்து பேருக்கு இரண்டு சமையல் பாத்திரம், அவற்றுக்குப் பிடியும் மூடியும் இருக்க வேண்டும், ஒரு பேசின், ஒரு கத்தி, இரண்டு பரிமாறும் கரண்டி என்று எழுதியிருக்கிறது. ஒரு பெரிய பாத்திரம் என்றல்ல, இரண்டு என்று. அதுவும் பிடியோடும் மூடியோடும் என்று. அதை எழுதியவர்களுக்கு அடுப்படி தெரிந்திருக்கிறது.

மூடியைப் பற்றி நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை. மூடி சரியாகப் பொருந்தாத பானையில் வடிக்கும்போது சோறும் சேர்ந்து சரியும், ஆவி விரலைத் தேடி வரும். பானையின் கைப்பிடிக் காதுகளுக்குள் துணி சுற்றிய விரல் நான்கும் நுழைகிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். காது விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் வடிக்கிறபோது கை கஞ்சியின் வழியில் நிற்கும். அடுப்பையும் நினைவில் வையுங்கள். காஸ் அடுப்பில் நெருப்பு எரிகிற பேணர் சின்னதாக இருக்க, பெரிய பானை வைத்தால் நடு மட்டும் கொதிக்கும். பெரிய பேணரில் சின்னப் பானை வைத்தால் நெருப்பு பக்கங்களில் ஏறிக் காற்றைச் சுடும். 2022 இல் காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற எவருக்கும் அதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

விருந்தாளிகள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மச்சாள் விடாமல் கேட்டாள். மகன் கட்டாரிலிருந்து வருவான், அவர் பக்கத்து ஆட்கள் வருவார்கள், உண்மைதான். வருடத்தில் சில நாட்கள். மகளுடைய குசினி என் வாசலுக்கு எதிரே இருக்கிறது. அதற்கு மேல் ஆட்கள் என்றால் கோயில் கிடாரம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தமிழரையும் முஸ்லிம்களையும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்பார்கள். பெரிய பாத்திரங்களில் அது இன்றும் அப்படியே நடக்கிறது. மகளின் கலியாணத்துக்கு இரண்டு கிடாரங்கள் மருதமுனையில் தெரிந்த முஸ்லிம் வீடொன்றிலிருந்து வந்தன. வருடத்தில் சில நாட்களுக்காக மிச்ச நாட்களெல்லாம் ஒரு பெரிய பானையைத் தூக்கிக் கழுவ நான் தயாரில்லை.

கல்முனை பஸாரில் பாத்திரக் கடைக்குப் போனபோது அளவு நாடாவும் சுண்டும் நீத்துப்பெட்டியும் பையில் இருந்தன. கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) முதலில் 26ஐ எடுத்து நீட்டினார். “டீச்சர், இதுதான் எல்லோரும் கொண்டுபோகிற அளவு.” உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் பையனை அனுப்பி வாளியில் தண்ணீர் எடுப்பித்தார். முக்கால் பங்கு நிரப்பி, இரண்டு காதையும் பிடித்து, தொட்டியில் சரிப்பதைப்போல நெஞ்சளவில் தூக்கிச் சரித்தேன். 26 எனக்கு ஆகவில்லை, கை தாழ்ந்தது. 22 வந்தது, ஆனால் மணிக்கட்டில் பாரம் தெரிந்தது. 20 சரியாக இருந்தது. உயரம் பதினொன்று, மூன்றரை லீற்றருக்கு ஒரு சொட்டுக் குறைவு. “இப்படி யாரும் பார்த்து வாங்குவதில்லையே” என்று சொன்னவர், பிறகு தானாகவே மூடிகளை மாற்றி மாற்றி வைத்து இறுக்கமானதைத் தேடித் தந்தார். அவருடைய உம்மாவுக்கும் ஒன்று எடுத்து வைக்கச் சொன்னேன். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டதாம், இன்னும் அவர்தான் வடிக்கிறாராம்.

ஆக, சின்ன வீட்டுக்கு 20இல் ஒரு சோற்றுப் பானை, நீத்துப்பெட்டிக்குப் பொருந்திய ஒரு பானை, சொதிக்கும் பருப்புக்கும் 16இல் உயரமான ஒன்று, மீனுக்கு 18இலும் மரக்கறிக்கு 15இலும் மண்சட்டிகள், ஒரு தாச்சி. மகளின் வீட்டிலிருக்கும் பழைய 32ஐ என்ன செய்வது என்பதுதான் இன்னும் பேச்சில் இருக்கிறது. நெல் அவிக்க வைத்திருக்கலாம் என்கிறார் என் கணவர். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு முன்னர் கோயிலுக்குக் கொடுத்துவிடுவோம் என்பது என் எண்ணம்; அங்கே அதைத் தூக்க இரண்டு இளவட்டங்கள் எப்போதும் நிற்பார்கள்.